கறுப்புப் புடவைக்குப் பெயர் தேவையில்லை

புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதிக் கொடுங்கள் அக்கா என்று கடையிலிருந்து கேட்டிருக்கிறார்கள். நல்ல வார்த்தை என்னிடம் அதிகம் மிச்சமில்லை. இருப்பதைச் சொல்கிறேன். படித்துவிட்டு மனம் வெறுத்துப்போனால் என்னைத் திட்டாதீர்கள். நானும் வெறுத்துப்போய்த்தான் எழுதுகிறேன்.

என் பெயர் எஸ்தர். செவிலிமேட்டில் வீடு. என் வேலைக்காலம் முழுவதும் நீங்கள் இப்போது இருக்கும் அதே பட்டுக் கடையில்தான் கழிந்தது. முதலில் கீழ்த்தளத்தில் பாயில் உட்கார்ந்து புடவை விரித்துக் காட்டும் வேலை. கடை ஆன்லைனுக்குப் போனபோது என்னையும் மாடிக்கு ஏற்றிவிட்டார்கள். வாடிக்கையாளர்களின் போனை எடுப்பது, என்ன வேண்டும் என்று கேட்டு ஆர்டர் வாங்குவது, புகார் வந்தால் சமாதானம் சொல்வது எல்லாம் என் தலையில். ஓய்வு பெறும்வரை அதைத்தான் செய்தேன்.

நம் தொழிலில் ஒரு சங்கடம் இருக்கிறது. அதை உங்களுக்குப் பயிற்சியில் சொல்லியிருக்க மாட்டார்கள். சோப்பு வாங்குகிறவர் எதற்கு வாங்குகிறேன் என்று யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. பட்டு வாங்குகிறவர் சொல்லாமல் வாங்க முடியாது. என்ன சடங்கு, யாருக்கு, எந்த மாதம், மாமியாருக்கு எந்த நிறம் ஆகாது என்று எல்லாம் சொன்னால்தான் சரியான புடவை கிடைக்கும். தறியில் போட்டு நெய்து வர நாளாகும் என்பதால் முன்கூட்டியே சொல்லவும் வேண்டும். அதனால் ஒரு வீட்டின் சேதி அந்த வீட்டுச் சொந்தக்காரர்களை எட்டுவதற்கு முன்பே நம் காதுக்கு வந்துவிடும். பத்திரிகை அடிப்பதற்கு முன் எத்தனையோ கல்யாணங்கள் எனக்குத் தெரியும். நின்றுபோன கல்யாணங்களும் தெரியும்.

கீழ்த்தளத்தில் எனக்குப் பக்கத்துப் பாயில் ஒரு அம்மா இருந்தார். அவரிடம் ஒரு பழக்கம். ஒரு குடும்பத்துக்குப் புடவை காட்டிக்கொண்டிருக்கும்போது வேறு குடும்பம் வந்து உட்கார்ந்தால், விரித்திருக்கும் புடவையின் மேல் கைக்குக் கிடைத்த இன்னொன்றை எடுத்துப் போட்டுவிடுவார். பேச்சு நிற்காது, சிரிப்பு மாறாது, கை மட்டும் அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். ஏன் அப்படி மூடுகிறீர்கள் என்று நான் கேட்டேன்.

“அவங்க வூட்டு சேதிய அவங்களே சொல்லிக்கட்டும்மா. நம்ம விரிச்ச புடவ போயி சொல்லிடக் கூடாது” என்றார்.

யாரும் அவருக்கு நன்றி சொல்லி நான் பார்த்ததில்லை. ஆனால் அந்தக் குடும்பங்கள் அடுத்த கல்யாணத்துக்கும் அவர் பாயைத் தேடித்தான் வந்தார்கள். வியாபாரம் என்றால் இதுதான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகுதான், கேமரா முன்னால் புடவை விரித்து நேரலையில் விற்கும் லைவ் வந்தது.

சின்னவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முதலாளியின் மகன். உங்களுக்கு இன்று அவர்தான் முதலாளி. கெட்ட மனிதர் அல்ல. என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது காரோடு வந்து வாசலில் நின்றவர். கேமரா முன்னால் மட்டும் வேறு ஆள். புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு பேச ஆரம்பித்தால் சென்னையிலிருந்து சிங்கப்பூர் வரை ஆர்டர் கொட்டும். ஒரே ஒரு பலவீனம், யாராவது கீழே குறை எழுதினால் தாங்காது. பச்சைப்பிள்ளை மாதிரி முகம் வாடிப்போய்விடும்.

கமெண்ட்களைப் பார்த்துக்கொள்ள ஹேமா என்று ஒரு பெண் இருந்தாள். வாலாஜாபாத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். குறை எழுதுகிற ஆளை ஹைட் பண்ணிவிடு என்று அவளுக்கு உத்தரவு. அழித்தால் எழுதியவருக்குத் தெரிந்துவிடும், சண்டைக்கு வருவார். ஹைட் பண்ணினால் தெரியாது. எழுதியவர் தன் போனில் பார்த்தால் எழுதியது அப்படியே இருக்கும். உலகத்தில் வேறு யாருக்கும் அது தெரியாது, ஹேமா மட்டும் வேண்டுமானால் தனியாகத் திறந்து பார்க்கலாம். அதன்பின் அவர் எது எழுதினாலும் அப்படித்தான்.

“சண்டையே வராதுக்கா. அவங்களுக்கே தெரியாது பாருங்க” என்று சின்னவர் என்னிடம் சந்தோஷப்பட்டுக்கொண்டார்.

வித்யா எங்களுக்குப் பழக்கமானது அப்படி ஒரு குறையினால்தான். புனேயில் வேலை பார்க்கும் பெண். கல்யாணப் புடவை நம்மிடம் எடுத்தது. மாமியார் கும்பகோணத்திலிருந்து நேரில் வந்து, நம் பாயில் உட்கார்ந்து, பழைய கரை ஒன்றைத் தேடிப்பிடித்து நெய்யச் சொன்னார். பிற்பாடு வித்யா தன் தங்கைக்கு ஆன்லைனில் ஒரு சந்தன நிறப் புடவை வாங்கினாள். முதல் நனைப்பிலேயே அரக்குக் கரையின் சாயம் புடவையின் உடலில் இறங்கிவிட்டது. வீடியோவுக்குக் கீழே மரியாதையாகத்தான் எழுதினாள், சாயம் நிற்கவில்லை, கொஞ்சம் கவனியுங்கள் என்று. ஹேமா அவளை ஹைட் பண்ணிவிட்டாள். அதே சாயத்தைப் பற்றி எழுதிய மற்றவர்களையும் அப்படியே செய்தாள்.

சாயம் சரியில்லை என்று எங்களுக்குத் தெரிய வந்தது கல்யாண சீசனில், பார்சல்கள் திரும்பி வந்து மாடிப்படியில் குவிந்தபோதுதான். வித்யா எழுதியதைப் படித்திருந்தால் அந்தச் சாயத்தை அன்றே நிறுத்தியிருக்கலாம். நம் கடையில் எது கெட்டுப்போயிருக்கிறது என்று நமக்குக் காசு வாங்காமல் சொல்கிற ஆள் வாடிக்கையாளர் மட்டும்தான். அந்த வாயைப் பொத்திவிட்டு, கடையில் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நாங்கள் டீ குடித்துக்கொண்டிருந்தோம்.

வித்யா என்னை போனில் கூப்பிட்டாள். பேசி, வேறு புடவை மாற்றி அனுப்பினேன். அதிலிருந்து அவளுக்கு நான் எஸ்தர் அக்கா ஆகிவிட்டேன். பண்டிகைக்கு வாழ்த்து அனுப்புவாள். கிறிஸ்துமஸுக்கும் மறக்க மாட்டாள். ஆனால் மறைத்த ஆட்களைத் திரும்பத் திறந்துவிட வேண்டும் என்று கடையில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஒரு நாள் மதியம் கூப்பிட்டாள். குரலைத் தாழ்த்திப் பேசினாள். “அக்கா, ஒரு கறுப்பு ஒன்பது கஜம் வேணும். என் கல்யாணப் புடவையில இருந்த அதே கரை போட்டு.”

எங்கள் வீட்டில் கறுப்பு என்றால் துக்கம். கல்லறைக்குப் போகும்போது கட்டுவது. ஆனால் இந்தக் கடைக்கு வந்த பிறகு, சில வீடுகளில் கறுப்புப் பட்டு என்றால் கர்ப்பம் என்று கற்றுக்கொண்டேன். வளைகாப்பு, சீமந்தத்துக்காக எடுப்பது. மசக்கைக் கறுப்பு என்றே அந்த நிறத்துக்குப் பெயர். அந்த வீடுகளில் வேறு நல்ல காரியத்துக்குக் கறுப்பு எடுக்க மாட்டார்கள். அதனால் அவள் சொல்லி முடிப்பதற்குள் என் முகம் மலர்ந்துவிட்டது.

“அக்கா, யார்கிட்டயும் சொல்லல. எங்கம்மாவுக்கே தெரியாது. ஏற்கெனவே ரெண்டு தடவ தங்கல. ஒவ்வொரு தடவயும் சொந்தக்காரங்க எல்லாருக்கும் போன் பண்ணி, இல்லன்னு சொல்ல வேண்டியிருந்தது. அது என்னால மறுபடி முடியாது. இந்தத் தடவ நம்பிக்கையா இருக்கணும்னு டாக்டர் சொன்னா. அதான் புடவைய மொதல்ல சொல்லிட்டேன்.”

“கவலப்படாதீங்கம்மா. எங்கிட்டயே இருக்கட்டும்” என்றேன்.

நெசவாளருக்குக் கொடுத்த சீட்டில் அவள் பெயர்கூட எழுதவில்லை. கறுப்பு ஒன்பது கஜம், இன்ன கரை என்று மட்டும் எழுதினேன். ஆனால் அந்தப் பழைய கரையின் டிசைன் அட்டை சின்னவர் பொறுப்பில் இருந்தது. புனேயில் ஒரு வாடிக்கையாளர், கல்யாணப் புடவையின் கரையே வேண்டும் என்கிறார் என்று சொல்லித்தான் வாங்க வேண்டியிருந்தது. அடடா, எவ்வளவு அழகான கதை என்றார். அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

சின்னவர் பிள்ளையார்பாளையத்தில் நெசவாளர் வீட்டுத் தறியிலிருந்தே லைவ் போட்டார். நெசவாளர் புதுச் சட்டை போட்டு, விபூதி பூசி, தலைவாரி உட்கார்ந்திருந்தார். தறியில் பாதி நெய்த கறுப்பு. சின்னவர் அதைத் தடவிக்கொண்டே பேசினார்.

“புனேல இருந்து நம்ம கஸ்டமர் ஒரு மேடம் ஆர்டர் குடுத்தது. பேரு சொல்ல மாட்டேன், ப்ரைவசி முக்கியம். அவங்க கல்யாணப் புடவைல இருந்த அதே கரைய இந்தக் கறுப்புல போட்டுக் கேட்டாங்க. பாருங்க, எப்டி வந்துக்கினு இருக்குது!”

நான் மாடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். போன் போட்டேன். அவர் போனில்தான் லைவ் ஓடிக்கொண்டிருந்தது. வெட்டிவிட்டார். அவர் கடைக்குத் திரும்பும்வரை வாசலிலேயே நின்றேன்.

“தம்பி, அந்த வீடியோவ எடுத்துடுங்க.”

“ஏன்க்கா? பேரே சொல்லலையே!”

“கறுப்பு ஒம்பது கஜத்துக்கு எதுக்குப்பா பேரு? அந்தக் கரைய எடுத்ததே அவங்க மாமியாரு. நம்ம பாயில உக்காந்துக்கினு எடுத்தாங்க. உங்க லைவ் ஒண்ணு விடாம பாக்கறவங்க.”

ஒரு நிமிடம் அவருக்கும் உறைத்தது. பிறகு போனைப் பார்த்தார். வியூஸ் ஏறிக்கொண்டிருந்தது. “நாளைக்கு எடுத்துடலாம்க்கா” என்றார்.

வித்யாவுக்குப் போன் போட்டேன். என்கேஜ்டு. திரும்பத் திரும்ப என்கேஜ்டு. சாயங்காலம் ஒரு செய்தி வந்தது, “மாமியார் பார்த்துட்டாங்க அக்கா. ஒரே சந்தோஷம். பரவாயில்ல.” அந்தப் பரவாயில்லையை நான் நம்பிவிட்டேன். சின்னவரிடம் காட்டினால் அவர் எப்படி நம்பாமல் இருப்பார்? வீடியோ அப்படியே நின்றது. கீழே அவள் சொந்தக்காரர்கள் வரிசையாக எழுத ஆரம்பித்தார்கள். வித்யா குட்டி வாழ்த்துகள், வளைகாப்பு எப்போ, எங்களையும் கூப்பிடு என்று. நாங்கள் சொல்லாத பெயரை அவர்கள் சொல்லிவிட்டார்கள். இனிப்பான கமெண்ட்கள் என்பதால் ஹேமா ஒவ்வொன்றுக்கும் இதயம் போட்டாள்.

புடவை தறியிலிருந்து இறங்கியதும், மடித்துக் கையில் வைத்துக்கொண்டே நான் கூப்பிட்டேன். நல்ல சேதி சொல்கிற உற்சாகம் எனக்கு.

“வித்யாம்மா, உங்க புடவ வந்துடுச்சு. அவ்ளோ அழகா இருக்குது. பார்சல் போட்டுடட்டுமா?”

அவள் மெதுவாகக் கேட்டாள்.

“அக்கா, நான் எழுதினத நீங்க படிக்கவே இல்லையா?”

“எங்கம்மா எழுதினீங்க?”

“வீடியோவுக்குக் கீழ. வாயால சொல்ல முடியல அக்கா. உங்களுக்குத் தனியா அனுப்பினா உடனே கூப்பிடுவீங்க, அதான் அங்க எழுதினேன். எத்தன தடவ எழுதினேன். இப்பவும் இருக்கே. நான் இப்ப பாத்துண்டுதான் இருக்கேன்.”

என் போனில் திறந்து பார்த்தேன். வாழ்த்துகள் இருந்தன, இதயங்கள் இருந்தன, அவள் எழுதியது எதுவும் இல்லை. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்தப் புடவையை மேஜையில் வைத்துவிட்டு ஹேமாவிடம் ஓடினேன். மறைத்தவர்கள் எழுதியதைத் திற என்றேன். திறந்தாள்.

“இது என் புடவை. இந்த வீடியோவை எடுத்துவிட முடியுமா?”

“எஸ்தர் அக்கா, பார்த்தால் எடுக்கச் சொல்லுங்கள்.”

“இப்போது குழந்தை இல்லை. பார்க்கிறவர்கள் இன்னும் வாழ்த்துச் சொல்கிறார்கள். தயவுசெய்து.”

நான்காம் மாதத்திலேயே போய்விட்டிருக்கிறது. வீடியோவால் போகவில்லை, அதை நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து படுத்த பெண்ணுக்கு யார் யாரோ போன் போட்டு வாழ்த்தியிருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் இல்லை இல்லை என்று அவள் சொல்லியிருக்கிறாள். எது மறுபடி முடியாது என்று என்னிடம் சொன்னாளோ அதையேதான் செய்திருக்கிறாள். நடுநடுவே எங்களிடம் கெஞ்சியிருக்கிறாள். அவள் போனில் அந்தக் கெஞ்சல் பளிச்சென்று நின்றிருக்கிறது. படித்தும் நாங்கள் அசையவில்லை என்றுதான் அவள் நினைத்திருக்க முடியும்.

“நான் தொறந்தே பாக்கலக்கா” என்று ஹேமா அழுதாள்.

“நீ தொறக்கக் கூடாதுன்னுதாம்மா அப்டி ஒண்ணு வெச்சிருக்காங்க” என்றேன். அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கோபப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

சின்னவர் வீடியோவை எடுத்தார். ஆனால் கும்பகோணத்துக் குடும்ப குரூப்பில் அது அதற்குள் இறங்கியிருந்தது. அங்கிருந்து யார் எடுப்பது? மறுநாள் என்னைக் கூப்பிட்டு, “அக்கா, இனிமே இந்த மாதிரி பிரச்சினையே வராது. கமெண்ட்டயே மொத்தமா ஆஃப் பண்ணிட்டேன்” என்றார். உண்மையிலேயே நல்லது செய்துவிட்டதாக நினைத்தார். நான் என் நாற்காலிக்கு வந்துவிட்டேன். வாதாட வேண்டியதை எல்லாம் இங்கேதான் எழுதுகிறேன், உங்களிடம்.

வித்யா எங்களைப் பற்றி எங்கும் ஒரு வார்த்தை எழுதவில்லை. எழுத இடம்தான் ஏது. ஆனால் அவள் சொந்தக்காரர்கள் வட்டாரத்திலிருந்து ஒன்பது கஜ ஆர்டர் வருவது கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. மற்றவர்களும் மாறினார்கள். முன்பெல்லாம் என்ன விசேஷம் என்று கேட்டால் குடும்பக் கதை முழுவதும் வரும். இப்போது கேட்டுப்பாருங்கள், “சும்மாதான்” என்பார்கள். சும்மா யாராவது பட்டு வாங்குவார்களா? எதற்கு என்று சொல்லாதவருக்கு எதைக் காட்டுவது? தப்பான நிறம் போகிறது, தப்பான கரை போகிறது, திரும்பி வருகிறது. ஏன் திரும்பி வருகிறது என்று சொல்லவும் அவர்களுக்கு வழி இல்லை. பட்டு எந்த ஊரிலும் கிடைக்கும். நம்மிடம் வந்து சொல்லிவிட்டுப் போகலாம், குறை இருந்தால் நம் முகத்துக்கு நேரே சொல்லலாம் என்று ஆட்களுக்கு இருந்த நம்பிக்கைதான் நம் முதல். அதைத் தின்றுவிட்டோம். லைவ் இன்னும் நடக்கிறது, வியூஸ் இன்னும் ஏறுகிறது, அதனால் அது யாருக்கும் தெரியவில்லை.

அந்தக் கறுப்புப் புடவையை என்ன செய்வது என்று வித்யாவிடம் ஒருமுறை கேட்டேன். “அனுப்ப வேண்டாம் அக்கா. யார்கிட்டயும் காட்டவும் வேண்டாம்” என்றாள். அதை வெள்ளைத் துணியில் சுற்றி, விற்பனைக்கு அல்ல என்று எழுதிக் கட்டி, ஸ்டோர் ரூமில் மேல்தட்டில் வைத்தேன். ஓய்வு பெற்ற அன்று என் நாற்காலிக்கு வந்தவரிடம் சொல்லிவிட்டுத்தான் படியிறங்கினேன்.

போன வாரம் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். பழக்கதோஷம், நம் லைவ் ஓடிக்கொண்டிருந்தது. ரெடி ஸ்டாக் சேல். பச்சை போனது, மாம்பழ நிறம் போனது. அடுத்து சின்னவர் கையில் கறுப்பு வந்தது. கரையைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, நான் வெள்ளைத் துணியில் சுற்றி வைத்த அதே புடவை.

“இது ஒரே ஒரு பீஸ்தான். இந்தக் கரைக்கு ஒரு அழகான கதை இருக்குது” என்று ஆரம்பித்தார்.

வேண்டாம் என்று எழுத இடம் தேடினேன். திரையை மேலும் கீழும் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். இல்லை, ஆஃப் பண்ணியது பண்ணியபடியே இருந்தது. நான் வேலை பார்த்த நம்பருக்குப் போன் போட்டேன். புதிய டிசைன்களுக்கு ஒன்றை அழுத்தவும் என்றது. ஒன்றை அழுத்தினேன். பாட்டு வந்தது. அது ஓடிக்கொண்டிருக்கும்போதே அவர் கதையைச் சொல்லி முடித்துவிட்டார். புனேயில் அதே வேளையில் யாராவது பார்த்துக்கொண்டிருந்தார்களா என்று எனக்குத் தெரியாது.

அவர் ஒரு நுனியைப் பிடித்திருந்தார். மறு நுனியைப் பிடித்து விரித்துக் காட்டிய கை உங்களில் ஒருவருடையது. முகம் தெரியவில்லை, சிவப்புக் கண்ணாடி வளையல் மட்டும் தெரிந்தது. அந்தக் கைக்குப் பக்கத்திலேயே வேறு புடவைகள் அடுக்கியிருந்தன. ஒன்றை எடுத்து மேலே போட்டிருக்கலாம்.